கல்லூரிக் காதல்: ஈப்போ இந்திரா காந்தி வழக்கு உங்களுக்கு ஏன் முக்கியம்?

ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலோ கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீர்கள். கூடப் படிக்கும் ஒருவரைப் பிடித்துப் போய்விட்டது. அவர் வேறு ஆள். வீட்டில் முதலில் கேட்பது, "என்ன இனம்?" சட்டம் கேட்பது, "என்ன மதம்?"

நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஓர் இந்துத் தமிழ்ப் பெண்ணும் பௌத்த சீனப் பையனும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் ஜே.பி.என்.னில் பதிவு செய்யலாம். யாரும் மதம் மாற வேண்டியதில்லை. 21 வயது நிறையாவிட்டால் மட்டும் அப்பாவின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை. ஓட்டுப் போட 18 போதும் என்பது வேறு கதை!

அதே பெண் ஒரு தமிழ் முஸ்லிம் பையனைக் காதலித்தால்? பேசுவது ஒரே மொழிதான். ஆனால் அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்கள் திருமணம் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில் வருகிறது. அதனால் இங்கே திருமணத்தைப் பதிவு செய்ய அந்தப் பெண் இஸ்லாத்தைத் தழுவ வேண்டும். மனமுவந்து தழுவி நிறைவாக வாழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் உறவு முறிந்தால் மதம் தானாகப் பழையபடி ஆகாது. ஐசியிலிருந்து 'இஸ்லாம்' என்ற சொல்லை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 2007இல் லீனா ஜோய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, ஈப்போவுக்கு வருவோம். இந்திரா காந்தி பாலர் பள்ளி ஆசிரியை. கணவரும் இந்துவாக இருந்தவர்தான். 2009இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். கடைக்குட்டி பிரசன்னாவுக்கு அப்போது 11 மாதம். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பிள்ளையின் மதத்தை மாற்ற தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். அரசியலமைப்பின் 12(4)ஆம் பிரிவில் 'பெற்றோர்' என்ற சொல் ஒருமையில் இருந்ததுதான் சண்டையே. இதைச் சட்டமாகவே எழுதியிருக்கலாம். 88ஏ என்ற பிரிவு அதற்காகத்தான் வந்தது. 2017 ஆகஸ்டில் அது மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. என் பார்வையில் அது கைநழுவிய வாய்ப்பு.

தந்தையைக் கைது செய்ய 2016லேயே போலீசுக்கு உத்தரவு போனது. தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் கழித்தும் மகள் இந்திராவின் கைக்கு வரவில்லை.

உங்கள் அம்மா அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களாக இருக்கலாம். லயத்தில் எல்லாரும் தமிழர், ஒரே கோயில், ஒரே பள்ளி. நீங்கள் காதலைச் சொன்னதும் அவர்கள் அழுதால் எல்லாமே இனவெறி என்று நினைக்காதீர்கள். சிலர் மனதில் ஓடுவது இந்த வழக்கு. "மதம் மாறினால் நாளைக்கு என் பிள்ளைக்கு நான் கொள்ளி வைக்க முடியுமா?" என்ற பயமும் அதில் உண்டு.

பயம் வேறு, தடை வேறு. காதலரிடம் இன்றே பேசுங்கள்: மதம் மாற வேண்டி வருமா, யார் மாறுவது, பிள்ளைகள் எந்த மதம்? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.