பின்பாரம்

திருச்சுழிப் பக்கத்துச் சீமைக்கருவேல விறகும் கரிமூட்டையும் ஏற்றிய டிராக்டர்கள் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். பின்பாரம் கூடினால் கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடி தளரும், பெட்டி அலையும். முன்பாரம் மிஞ்சினாலோ முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. கனத்த பச்சை விறகு அடியில், அச்சுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். கரிமூட்டை மேலே போகட்டும். கொக்கியில் பின்னுக்குப் பதிலாக வளைத்த கம்பியைச் செருகி ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்தும் வண்டியை அனுப்பும் உரிமையாளர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சரியான பின், கூடவே ஒரு சங்கிலி, பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர்: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நடை வாடகைகூட வராது.