ஒரு புட்டி மருந்தும் பல கண்களும்

கையில் ஊசி போட்டுக்கொள்வதற்கே ஆயிரம் சாக்குச் சொல்லுகிறவர்கள் நாம். அப்படியிருக்க, "கண்ணிலே ஊசி போடவேண்டும்" என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? "கண்ணுக்குப் பக்கத்திலா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்கிறோம். "இல்லை, கண்ணுக்குள்ளேயே!" என்று பதில் வருகிறது. பாதிப் பேருக்கு அந்த க்ஷணமே பார்வை மங்கிவிடுகிறது.

உண்மையில் இந்தச் சிகிச்சை அவ்வளவு பயங்கரமானதல்ல. முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப் போகச் செய்கிறார்கள். பிறகு கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை அல்லது நாலு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியின் வழியாக மிக மெல்லிய ஊசியைச் செலுத்துகிறார்கள். சில விநாடியில் காரியம் முடிந்துவிடுகிறது. வயோதிகத்தினாலோ நீரிழிவினாலோ விழித்திரை கெட்டுப்போனவர்களுக்கு இந்த ஊசி இன்று பெரிய வரப்பிரசாதம். அவர்களுடைய கண்ணின் உட்புறத்தில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அல்லது உள்ள குழாய்கள் கசிகின்றன. அவற்றைத் தூண்டிவிடும் புரதத்தை அடக்குவதே மருந்தின் வேலை. ஆனால் ஒரு முறை போட்டு முடிகிற விஷயமல்ல. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த மருந்தின் கதை ரஸமானது. 2004-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்று பெவாஸிஸூமாப் என்ற மருந்து அநுமதி பெற்றது. கண்ணுக்கென்றே அதே கம்பெனி தயாரித்த ரானிபிஸூமாப் 2006-ல்தான் சந்தைக்கு வந்தது. இடையில், 2005-ல், பிளாரிடா மாகாணத்து மயாமி நகரில் பிலிப் ரோஸன்பெல்டு என்னும் கண் வைத்தியர், "குடலுக்கு வந்த மருந்தைக் கண்ணில் போட்டுப் பார்த்தால் என்ன?" என்று யோசித்தார். போட்டார், பலித்தது. கண் மருந்து ஒரு ஊசிக்குச் சுமார் இரண்டாயிரம் டாலர் என்றும், புற்றுநோய் மருந்தில் ஒரு துளி ஐம்பது டாலர் சுமார் என்றும் ஏற்பட்டபோது, உலகம் எதை நாடியிருக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? 2011-ம் வருஷம் மே மாதத்தில் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், ஒரு வருஷ முடிவில் இரண்டு மருந்தும் பார்வையைச் சமமாகவே காப்பாற்றின என்று தெரியவந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். பெவாஸிஸூமாப் புட்டி ஒன்றில் நாலு மில்லிலிட்டரும் நூறு மில்லிகிராம் மருந்தும் இருக்கின்றன. கண்ணுக்கு வேண்டியதோ ஒன்றேகால் மில்லிகிராம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஒரு புட்டியைத் திறந்து, பல சின்னஞ்சிறு ஸிரிஞ்சுகளில் பங்கிட்டு, பல பேருடைய கண்ணுக்கு அனுப்புகிறார்கள். மருந்து மலிவானது இந்தப் பங்கீட்டினாலேதான். ஆபத்து நுழைவதற்கும் அதே வாசல்தான் திறந்திருந்தது.

மேற்சொன்ன பரிசோதனை வெளியான இரண்டு மாதத்திற்குள், 2011 ஜூலையில், எந்த மயாமியில் இந்த வழக்கம் பிறந்ததோ அந்த மயாமி வட்டாரத்திலேயே பன்னிரண்டு பேருக்குக் கண்ணின் உள்ளே கடுமையான சீழ் நோய் கண்டது. வைத்தியர்கள் இதை எண்டாப்தால்மைட்டிஸ் என்கிறார்கள். அவர்கள் ஒரே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் அல்லர். விசாரித்துப் பார்த்ததில், எல்லா ஸிரிஞ்சுகளும் ஒரே மருந்துக் கடையில் நிரப்பப்பட்டவை என்று தெரிந்தது. உபயோகிக்காமல் மிச்சமிருந்த ஸிரிஞ்சுகளிலும் அதே பாக்டீரியா இருந்தது. அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையைச் சேர்ந்தது. சாதாரணமாக மனிதர் வாயில் குடியிருப்பது. அந்தப் பன்னிரண்டு பேரில் சிலருக்கு, மிச்சமிருந்த பார்வையும் அடியோடு போய்விட்டது. பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளப் போனவர்கள் அவர்கள்!

வாயில் சாதுவாக இருக்கும் கிருமி கண்ணில் இவ்வளவு அட்டகாசம் செய்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். விழியின் உள்ளே முட்டையின் வெண்கரு போன்ற ஒரு கூழ் நிறைந்திருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. கிருமிகளை எதிர்க்கும் ரத்த அணுக்கள் அங்கே உடனே வந்து சேர முடியாது. அவை வந்து சேர்ந்து யுத்தம் தொடங்கும்போதோ, அந்த யுத்தத்தினாலேயே மெல்லிய விழித்திரை பாழாகிறது. மருந்துப் புட்டியிலும் கிருமிகளை அடக்கும் சரக்கு எதுவும் சேர்ப்பதில்லை.

புட்டி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. நோயாளியின் இமையிலும் மயிர்க்காலிலும் வேறு பாக்டீரியாக்கள் உண்டு. ஊசி போடுமுன் போவிடோன் அயோடின் என்னும் பழுப்பு நிறத் திரவத்தைக் கண்ணில் விடுவது இதற்காகத்தான். அது எரியும். எரிகிறது என்று சண்டை போடாதீர்கள். கிருமிகளை ஒழிப்பதற்கு அதைப் போல நம்பத்தக்கது வேறில்லை. பல நாள் விட்டுக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தினால் இந்த நோய் குறைந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. அதற்கு அடங்காத கிருமிகள் வளர்ந்ததுதான் கண்ட பலன். இன்னொரு விசித்திரம்: ஊசி போடும் சமயத்தில் டாக்டர் பேசக்கூடாது, நோயாளியும் பேசக்கூடாது, அல்லது முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். வாயிலுள்ள கிருமி பேச்சோடு பறந்து வரும் அல்லவா? மௌன விரதத்திற்கு இப்படியும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதையும் இருந்தால் ஆபத்து எவ்வளவு? சுமார் இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்கிறார்கள். இதைக் கேட்டுப் பயந்து ஊசியையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வீடு தீப்பிடிக்கும் என்று அடுப்பு மூட்டாமல் பட்டினி கிடப்பதைப் போன்றது. சிகிச்சை இல்லாவிட்டால் பார்வை குறைவது மூவாயிரத்தில் ஒரு சம்பவமல்ல; கண் முன்னே நடக்கிற காரியம்.

ஆனால் அந்த மூவாயிரத்தில் ஒருவர் நம் வீட்டுத் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருந்துவிட்டால், என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட அன்று கண் உறுத்துவதும், குத்திய இடத்தில் சிறிது சிவப்பதும் சகஜம். மறுநாள் அவை தணிய வேண்டும். அதற்கு மாறாக, பெரும்பாலும் முதல் வாரத்திற்குள், வலி ஏறிக்கொண்டே போனாலும், பார்வை மங்கிக்கொண்டே வந்தாலும், வெளிச்சம் கண்டால் கூசினாலும், அது வேறு விஷயம். பெரியவர்களின் சுபாவம் நமக்குத் தெரியாததா? "ராத்திரி வேளையில் உங்களுக்கு ஏன் சிரமம்? காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். விளக்கெண்ணெய் வைத்துப் பார்ப்பார்கள். முலைப்பால் விடச் சொல்வார்கள். இந்த நோய்க்குக் காலை வரையில் அவகாசம் கிடையாது. கண்ணின் உட்கூழிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அப்போதே வான்கோமைஸினும் ஸெப்டாஸிடிமும் கண்ணுக்குள் செலுத்த வேண்டும். சிலருக்கு அந்தக் கூழையே ரண சிகிச்சை செய்து அகற்ற நேரிடும். ஊசி போட்ட ஆஸ்பத்திரியில், ராத்திரி எந்த நம்பருக்கு டெலிபோன் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டு வீடு திரும்புவது உத்தமம்.

நமது தேசத்திலும் இந்த விவகாரம் ஒரு சமயம் பலமாகக் கிளம்பிற்று. குஜராத்தில் பெவாஸிஸூமாப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டது என்று செய்தி வந்ததும், 2016 ஜனவரியில், அதைக் கண்ணில் உபயோகிக்க வேண்டாம் என்று சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி எச்சரிக்கை விடுத்தார். அவர் கவலைப்பட்டது நியாயமே. ஆயினும் 2013-லேயே உலக சுகாதார ஸ்தாபனம் இந்த மருந்தைக் கண்ணுக்கு இன்றியமையாதவற்றின் ஜாபிதாவில் சேர்த்திருந்தது. ஒரு புட்டியைத் தவறாகக் கையாண்டதற்காகப் புட்டியையே விலக்கினால், விலை உயர்ந்த மருந்தை வாங்க வழியில்லாதவர் என்ன செய்வார்? மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஒரு கிழவர், தம் முறை வந்தும் வெறுங்கண்ணோடு திரும்பிப் போவதை நாம் நினைத்துப் பார்க்கிறோம். கண் வைத்தியர்கள் எடுத்துச் சொன்னார்கள். நிபுணர்கள் கூடி ஆலோசித்தார்கள். மார்ச்சு மாதத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. புட்டியை எப்படித் திறப்பது, எப்படிப் பங்கிடுவது, எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதை விழித்திரை நிபுணர்கள் எழுத்தில் வகுத்துக் கொடுத்தார்கள்.