களம் கள்ளமான கதை

போன தை மாதம் என் தம்பி திருவையாற்றிலிருந்து போன் பண்ணினான். குரலில் கோபம் இல்லை, வருத்தம். "அண்ணே, அப்பா செத்து முப்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு இப்படி எழுதியிருக்கீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். குறுவை அறுப்பு நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். "அப்பாவின் களம் ஊருக்கே தெரியும்" என்று நான் நினைத்து அடித்தது, "அப்பாவின் கள்ளம் ஊருக்கே தெரியும்" என்று ஏறியிருந்தது. மூன்று நாளாக ஊர்க்காரர்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்!

காரணம் என் விரல். இரண்டு வருடமாக வலது கையில் நடுக்கம். வயதின் நடுக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பயம் இல்லைதான். ஆனால் ஒரு சாவியை ஒரு முறை அழுத்தினால் விரல் துள்ளி இரண்டு முறை விழுகிறது.

நான் அடிப்பது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி, அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 சாவி. உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். நல்ல கைக்கு அது வரம். நடுங்கும் கைக்கு அதுவே சாபம். மடை மட்டை ஆகிறது. குளம் குள்ளம் ஆகிறது. களம் கள்ளம் ஆகிறது. பழைய டைப்ரைட்டர் முறையாக இருந்தால் "களளம்" என்று விழுந்து, பார்த்தவுடன் தப்பு தெரியும். இதில் தப்பும் நல்ல தமிழாகவே விழுவதால், பிழை திருத்தும் மென்பொருளுக்கும் தெரியாது, கண்புரை எடுத்த என் கண்ணுக்கும் தெரியாது.

யாரிடம் சொன்னாலும் மூன்று யோசனைதான் கிடைத்தது. மூன்றையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் யோசனை, இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்வது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பையன் சொன்னான், "சார், எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க." அடிக்கட்டும். நான் 1973-ல் மேல வீதிப் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி பேட்சில் உட்கார்ந்து தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவன். முப்பத்து மூன்று வருடம் அந்த விரல்தான் எனக்குச் சோறு போட்டது. தஞ்சாவூர் என்று தமிழ்99-ல் அடிக்க எட்டு அழுத்தம் போதும். அதை விட்டுவிட்டு, தமிழ் வார்த்தையை மனதுக்குள் இங்கிலீஷ் எழுத்தாக உடைத்து, திரும்பத் தமிழாக ஒட்டுவதா? பக்கத்து வீட்டுக்குப் போகக் கும்பகோணம் சுற்றிப் போவது மாதிரி. போதாக்குறைக்கு நடுங்குகிற விரல் அங்கேயும் நடுங்கத்தானே செய்யும்?

இரண்டாவது, வாயால் சொல்வது. செய்து பார்த்தேன். "தாளடி" என்றேன், "தாடி" என்று எழுதியது. "நாற்றங்கால்" என்றேன், அது எழுதியதை இங்கே போட முடியாது. நாம் எழுத வருவதே, இனி யாரும் பேசாத சொற்களைக் காப்பாற்றத்தான். யாரும் பேசாத சொல் அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? தவிர, எழுதும்போது வருகிற யோசனை வேறு, பேசும்போது வருகிற யோசனை வேறு. எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரியும்.

மூன்றாவது, "பேரனிடம் சொல்லுங்கள், அடித்துக் கொடுப்பான்." கொடுப்பான், தங்கமான பிள்ளை. ஆனால் என் அப்பாவைப் பற்றி, என் கடனைப் பற்றி, நான் செய்த ஒன்றிரண்டு தப்புகளைப் பற்றி நான் பேரனிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா? யோசனை சொல்பவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். எங்கள் ஆபீசிலேயே வேகமான கை அவருடையது. அவருக்கும் இதே நடுக்கம். இந்த மூன்று யோசனையையும் வரிசையாகக் கேட்டார், மூன்றையும் செய்தார், பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார். அம்மாபேட்டைப் பக்கத்து வாய்க்கால்களின் பெயர் அத்தனையும் தலையில் வைத்திருந்தவர். போன வருடம் போய்விட்டார். அந்தப் பெயர்களும் அவரோடு போய்விட்டன. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வேறு வழி உண்டா? உண்டு. அது கீபோர்டின் வயிற்றுக்குள் இருக்கிறது.

கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்துச் சாவி அழுந்தியது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. "ஏ" என்று போட்டிருக்கும் சாவியின் எண் 4. அதை "அ" ஆக்குவது கணினியில் உள்ள தமிழ்99. ஆனால் சாவி அழுந்தியது ஒரு முறையா, இரண்டு முறையா என்று முதலில் முடிவு செய்வது கீபோர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன சில்லும் அதில் எழுதிய நிரலும். அந்த நிரலுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். உலோகத் தகடு தொடும்போது இயல்பாகவே துள்ளும், அதனால் ஒவ்வொரு ஃபர்ம்வேரும் மிகச் சிறிய நேரம் பொறுத்துத்தான் கணக்கில் எடுக்கும். அந்தப் பொறுமையைக் கொஞ்சம் கூட்டினால் என் விரலின் துள்ளலும் அதில் அடங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கடைக் கீபோர்டில் அந்த நிரலைத் தொட முடியாது, மூடி சீல் வைத்தது. ஆனால் க்யூஎம்கே என்று ஒரு திறந்த ஃபர்ம்வேர் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஜுன் வாக்கோ எழுதிய டிஎம்கே என்பதிலிருந்து கிளைத்தது. ஜிபிஎல் உரிமத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். அதை ஏற்றுக்கொள்ளும் ஒரு சின்ன கீபோர்டைப் பேரன் வாங்கி அனுப்பினான். உள்ளே ஆர்பி2040 என்ற சில்லு.

நான் மாற்ற வேண்டியது இரண்டே வரி. ஒரு கோப்பில் பொறுமை நேரம்: வழக்கமாக 5 மில்லிநொடி, நான் போட்டது 90. இன்னொரு கோப்பில் எந்த வகைப் பொறுமை என்பது: அழுத்தியவுடன் எழுத்து போகட்டும், ஆனால் சாவி மேலே வந்ததும் 90 மில்லிநொடிக்குள் மறுபடி அழுந்தினால் அதைக் கணக்கில் சேர்க்காதே, இதை ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாகப் பார். 40 போட்டேன், துள்ளல் நிற்கவில்லை. 120 போட்டேன், நான் வேண்டுமென்றே அடிக்கும் "க்க" கூட வரவில்லை. 90-ல் நின்றது. இப்போது "பக்கம்" அடிக்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த நிதானம் எனக்கு இருக்கிறது.

இரண்டு வரி மாற்ற நான்கு நாள் ஆனது. லினக்ஸ் லேப்டாப்பில் பைத்தான் வழியாக க்யூஎம்கே கருவியை நிறுவ வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் "க்யூஎம்கே செட்டப்" என்று கட்டளை. மூல நிரல் முழுவதும் மூட்டையாக இறங்கும். "க்யூஎம்கே டாக்டர்" என்று ஒரு கட்டளை, எது குறைகிறது என்று நாடி பிடித்துச் சொல்லும். எனக்கான சாவி அமைப்புக்கு ஒரு கோப்புறை உண்டாக்கி, இரண்டு வரியையும் எழுதி, "கம்பைல்" கொடுக்க வேண்டும். வந்த கோப்பைக் கீபோர்டில் ஏற்ற, சில்லின் பூட் பொத்தானை அழுத்திக்கொண்டே வயரைச் செருகினால், அது பென்டிரைவ் மாதிரி திரையில் வரும், அதில் போட்டால் முடிந்தது. முதல் இரண்டு நாள் நான் முட்டிக்கொண்டதன் காரணம் தெரியுமா? மூட்டையை இறக்கிய கோப்புறைக்கு இரண்டு வார்த்தையில் பெயர் வைத்து நடுவே இடைவெளி விட்டிருந்தேன். பாதையில் இடைவெளி இருந்தால் கம்பைல் வேலை நின்றுவிடும். தமிழில் ஒரே வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

இங்கேதான் என் சண்டை. இந்த வேலை கஷ்டமே இல்லை. நாற்று முடிச்சுக் கட்டத் தெரிந்தவனுக்கு இது வரும். ஆனால் நான் தேடிய அளவில் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் குறிப்பு எல்லாம் இங்கிலீஷில்தான் கிடைத்தது. நான் ஆபீஸ் இங்கிலீஷ் தெரிந்தவன், தட்டுத் தடுமாறி முடித்தேன். என் நண்பருக்கு அது வராது. அவர் கை என் கையை விட வேகம், அவர் தலையில் இருந்தது என்னிடம் இருந்ததை விட அதிகம்.

இரண்டு மறுப்பு வரும், தெரியும். "விண்டோசிலேயே ஃபில்டர் கீஸ் இருக்கிறதே, லினக்சிலும் இருக்கிறதே?" இருக்கிறது. முடிந்தவர்கள் அதையே முதலில் பாருங்கள், காசு செலவில்லை. ஆனால் அது அந்தக் கணினியோடு நின்றுவிடும். தம்பி வீட்டுக்குப் போனால் அவன் கணினியில் மறுபடி மாற்ற வேண்டும், திரும்பும்போது பழையபடி வைக்க வேண்டும். என் கீபோர்டு என் பையில் வருகிறது, என் கைக்கான கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாதிரி. கண்ணாடியை யாராவது சுவரில் மாட்டி வைப்பார்களா?

"எழுபது வயதில் எத்தனை பேர் இதைச் செய்யப் போகிறார்கள்?" என்பது இரண்டாவது. எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணியா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா போன முத்தையா தமிழ் டைப்ரைட்டருக்கு உட்கார்ந்தார்? வண்டி நகராத சாவிகளை வைத்து அத்தனை எழுத்தையும் ஒரு பலகைக்குள் அடக்கியதால்தானே என்னைப் போன்றவர்கள் உத்தியோகம் பார்த்தோம். கருவியை நம் கைக்கு வளைத்தவர்கள் வழி வந்தவர்கள் நாம். இன்று கையைக் கருவிக்கு வளை என்கிறோம், வளையாத கையை வீட்டில் இரு என்கிறோம்.

நமக்குக் கடைமடை தெரியும். மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வரும், கல்லணையில் பூத் தூவிய படம் வரும், பேராவூரணிப் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். யுனிகோடு 1991-ல் வந்தது. தமிழ்99 வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடே நடத்தினோம். தலைப்பில் தண்ணீர் நிறைய. நடுங்கும் ஒரு விரல் வரைக்கும் அது வந்ததா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்த நிறுவும் படிகளைத் தமிழில், படத்தோடு, இடைவெளி விடாதே என்பது உட்பட, எழுதி வைக்கட்டும். நடுங்கும் கைக்கு 60, 90, 120 என்று மூன்று கோப்பு கம்பைல் செய்து வைத்தால், அதே வகைக் கீபோர்டு வாங்குகிறவர்களுக்கு அந்த நான்கு நாளும் வேண்டாம். பெற்றோருக்குக் கீபோர்டு வாங்கும் பிள்ளைகள் கடையில், "இதன் ஃபர்ம்வேரை மாற்ற முடியுமா?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்பவர் இருந்தால்தான் கடைக்காரர் வைப்பார்.

நானும் சும்மா இல்லை. என் நான்கு நாள் கதையைப் படி படியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நோட்டில் பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது.

தம்பிக்குத் திருத்திய கட்டுரையை அனுப்பினேன். இந்த முறை களம் களமாகவே இருந்தது. படித்துவிட்டு அவன் போன் பண்ணிச் சொன்னது இது: "அண்ணே, களத்துல அப்பா போர் போடுவாரே, அந்தப் புளியமரத்தை விட்டுட்டீங்க."

சேர்த்துவிட்டேன். நானே அடித்தேன்.