தீயும் பதமும்

கறையில் உருக்கு என்னும் பெயர் நம்மிடையே பிழையான நம்பிக்கையொன்றை வளர்த்துவிட்டது. கறையேறாமை அவ்வுலோகத்தின் பிறவிக்குணம், எவ்வாறு கையாளினும் அது கெடாது எனப் பலரும் எண்ணுகின்றனர். கலப்பு மட்டும் போதாது. தீயில் அது பெறும் பதமும் அதன் தகைமையை முடிவுசெய்யும் என்பதே எமது துணிபு.

இவ்வுருக்கைக் காப்பது குரோமியம். நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கேனும் அது கலந்திருப்பின், கண்ணுக்குப் புலனாகாத ஒட்சைட்டுப் படலமொன்று மேற்பரப்பில் தோன்றித் துருவைத் தடுக்கும். 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி வார்ப்பித்த உருக்கில் 12.8 வீதம் குரோமியமும் 0.24 வீதம் காபனும் இருந்தன. கத்திக்கு ஏற்ற அவ்வினத்தைச் சதம அளவில் 1000 பாகை வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் வன்மை பெறும். துருவை எதிர்க்கும் ஆற்றலும் சிறக்கும். ஆயினும் எளிதில் முறியும். மீண்டும் 200 பாகையளவில் இளஞ்சூடு காட்டினாலன்றி அக்குறை தணியாது.

சமையற் பாத்திரங்களுக்குரிய இனமோ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்டது. அதனை 1050 பாகை வரை காய்ச்சி நீரில் தோய்த்தால் வன்மையுறாது, மென்மையே எய்தும். 450 முதல் 850 பாகை வரையுள்ள வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருப்பினோ, காபன் குரோமியத்தைக் கவர்ந்து, உலோகத்தின் நுண்மணிகளது எல்லைகளிற் காபைட்டாகப் படியும். அவ்வெல்லையோரம் குரோமியம் குன்ற, அவ்வழியே அரிப்புப் புகும். உருக்கி ஒட்டிய மூட்டுகளின் அருகே இக்கேடு நேர்வதுண்டு. காபனை 0.03 வீதத்துக்கு மேற்படாது குறைத்தல் இதற்கொரு பரிகாரம்.

ஒரே தீ, ஒரே தோய்ச்சல், விளைவோ இருவேறு. ஆதலின், பட்டறையிற் பயிலும் மாணவரை "இவ்வளவு காய்ச்சு, இதில் தோய்" என்னும் விதியை மட்டும் மனனஞ் செய்யவைத்தல் தகாது. காரணம் அறியாதவன் கத்திக்குக் கற்ற விதியைப் பாத்திரத்துக்கும் ஏற்றிவிடுவான்.

இக்காரணங்களைத் தமிழில் விளக்கல் அரிது என்பாரும் உளர். தோய்ச்சல், பதம், உலை என்னும் சொற்கள் கொல்லன் களத்தில் வழங்கிவந்தவையன்றோ? சொல் உண்டு, சொல்லுவாரே வேண்டும். ஆலைகளிலும் பட்டறைகளிலும் பணியாற்றும் பழைய மாணவர்கள், தாம் கண்டறிந்தவற்றைக் கல்லூரிக்கு வந்து இளையோர்க்குத் தமிழிற் சொல்வாராயின், அதுவே இவ்விழாவுக்குத் தக்க காணிக்கையாகும்.