அக்னி நட்சத்திரமும் அணைத்து வைத்த கம்ப்யூட்டரும்

புதியதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏப்ரல் பிறந்தவுடன் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு ஏ.சி. போட்டே ஆக வேண்டுமா?" என்பதுதான் அது. வேண்டியதில்லை என்பது என் பதில். ஆனால் அத்துடன் இன்னொன்றும் சொல்வேன். புதுச்சேரி வெயிலில் கம்ப்யூட்டருக்கு வரும் ஆபத்து, நாம் அதைப் பயன்படுத்தும்போது வருவதைவிட, அணைத்து மூலையில் வைத்த பிறகு வருவதே அதிகம்.

காரணம் எளிது. இயங்கும் கம்ப்யூட்டர் தன்னைத் தானே காத்துக் கொள்ளும். பிராசசர் சூடானால் மின்விசிறி வேகமாகச் சுற்றும். அதுவும் போதாவிட்டால் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். இன்றைய பிராசசர்கள் பலவற்றிற்கு எல்லை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ். அதையும் மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும். "வெயில் காலத்தில் என் கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறது, வைரஸாக இருக்குமோ?" என்று பயப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றுத் துவாரத்தை. அங்கே தூசி அடைத்திருக்கும். அல்லது லேப்டாப் மெத்தை மேல் இருக்கும்.

மின்விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை 28 டிகிரியில் இருந்து 38 டிகிரிக்குப் போனால், உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். ஆகவே மேசையைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள். சிபியூ பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். தூசிக்குப் பயந்து போடும் துணி உறையை, கம்ப்யூட்டரை அணைத்து அது ஆறிய பின்பு போடுங்கள். ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச புரோகிராம் ஒன்றை நிறுவினால் வெப்பநிலையை நீங்களே பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க் பற்றிய பயமும் தேவைக்கு அதிகமானதே. 2007ல் கூகுள் நிறுவனம் தன்னிடம் இயங்கிய ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. மிதமான வெப்பத்திற்கும் டிஸ்க் பழுதாவதற்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்பது அதில் தெரிய வந்தது. எனவே கம்ப்யூட்டருக்காக மட்டும் கடன் வாங்கி ஏ.சி. போடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடும்பப் படங்களுக்கு பேக்கப் எடுத்து வைப்பது மேல்.

இப்போது அணைத்து வைத்த கருவிக்கு வருவோம். அதில் விசிறி சுற்றாது. வேகம் குறைக்கப் பிராசசரும் விழித்திருக்காது. ஆனால் உள்ளே பேட்டரி இருக்கிறது. லேப்டாப், மொபைல், கேமரா எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. சும்மா வைத்திருந்தாலும் இதன் சக்தி தேயும். வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் வேகமாகத் தேயும். 40 டிகிரி வெப்பத்தில் முழு சார்ஜுடன் ஓர் ஆண்டு வைத்த பேட்டரியில் சுமார் 65 சதவீதக் கொள்ளளவே மிஞ்சும். அதே வெப்பத்தில் 40 சதவீத சார்ஜுடன் வைத்தால் சுமார் 85 சதவீதம் மிஞ்சும். 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜுடன் இருந்தால் 96 சதவீதம் வரை நிற்கும். செலவே இல்லாமல் கிடைக்கும் லாபம் இது.

நம் ஊரில் நடப்பது என்ன? மே மாத விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது லேப்டாப்பை முழுவதும் சார்ஜ் செய்து, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் பரணில் ஏற்றிவிட்டுப் போகிறோம். முற்றமும் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய புதுச்சேரி வீடுகளில் இது பெரிய தவறாக இருந்திருக்காது. இன்றைய கான்கிரீட் தளம் அப்படியல்ல. பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் அதை அறைக்குள் விடுகிறது. கூரையை ஒட்டிய பரண்தான் வீட்டிலேயே சூடான இடம்.

காரில் விட்டுச் செல்வது இதைவிட மோசம். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். ஐபோனை அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்கிறது ஆப்பிள். கடற்கரைச் சாலைக்குப் போகும்போது கார் டாஷ்போர்டில் மொபைலை வைத்துவிட்டு இறங்குபவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வெப்பத்தில் கெட்ட பேட்டரி உப்பிக் கொள்ளலாம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, அது தீப்பற்றும். உடனே பயன்பாட்டை நிறுத்தி சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும்.

யு.பி.எஸ். பேட்டரியையும் மறந்து விடாதீர்கள். அது ஈய அமில வகை. அதன் ஆயுள் 25 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. மேற்குச் சுவரை ஒட்டி வைத்த யு.பி.எஸ். இரண்டே கோடையில் படுத்துவிட்டால் அதில் வியப்பில்லை.

ஏ.சி. உள்ளவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த அறையிலிருந்து லேப்டாப்பை நேராக வெளியே கொண்டு வந்தால், ஐஸ் வாட்டர் டம்ளரில் போல அதன் மீதும் நீர் படியலாம். பைக்குள் வைத்தே எடுத்து வந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். சூடான மொபைலைப் பிரிட்ஜில் வைப்பதும் இதனால்தான் கூடாது.

"எங்கள் வீடே ஷீட் கூரை. குளிர்ந்த அறைக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களும் செய்யக் கூடியவை உண்டு. சூடு மேலே நிற்கும். எனவே தரையை ஒட்டிய அலமாரித் தட்டில், வெயில் படாத உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். பாதி சார்ஜுடன் அணைத்து வையுங்கள். பல லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. அதை இயக்கி விடுங்கள். வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளை இரவுக்கோ விடியற்காலைக்கோ தள்ளிப் போடுங்கள்.

இதையெல்லாம் கருவியை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கூலிங் பேட், கூடுதல் வாரன்டி என்று விற்கத் தெரிந்த கடைக்காரர்கள், "பாதி சார்ஜில், கீழ்த் தட்டில், நிழலில் வையுங்கள்" என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? பிள்ளைகள் படிப்புக்கென்று தவணையில் லேப்டாப் வாங்கும் குடும்பங்களுக்கு, தவணை முடியும் முன்பே பேட்டரி போவது சிறிய நஷ்டம் அல்ல.

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும். அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூசியைத் தட்டி, பரணில் இருப்பதைக் கீழே இறக்கி விடுங்கள்.