காரணம் தேடும் தர்மம்

நாமக்கல் பக்கத்தில் தினசரி வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்தச் சிறு செய்தியை அவ்வப்போது கண்டிருப்பார்கள். வரும் நாட்களில் வெயில் எவ்வளவு இருக்கும், காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசும், ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்று சொல்லிக்கொண்டே வந்து, சென்ற வாரம் இறந்துபோன கோழிகளைப் பரிசோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை வெப்ப அயற்சியால் மாண்டதாகத் தெரியவருகிறது, ஆகவே பண்ணையாளர்கள் தீவனத்திலும் தண்ணீரிலும் இன்னின்ன மாறுதல்களைச் செய்துகொள்வது நலம் என்று, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆலோசனை மையம் விடுக்கும் அறிவிப்பு அது. 1985-ல் ஏற்பட்ட அந்தக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் என்ற பட்டத்தையும் சேர்த்துத் தாங்கியிருப்பது வெறும் அலங்காரமன்று. பண்ணையில் நாலு கோழி தலை தொங்கினால் அது வெள்ளைக் கழிச்சலா, வெயிலா, தீவனக் கோளாறா என்று தாமதமின்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு அந்த ஸ்தாபனமும் ஒரு காரணம்.

கொல்லிமலையை வடகிழக்கே பார்த்துக்கொண்டு, மரவள்ளியும் சோளமும் கோழிக் கொட்டகைகளுமாகக் கிடக்கும் எங்கள் எருமப்பட்டி வட்டாரத்தில் ஒரு குழந்தை இறந்தால் அதன் காரணம் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறத்தான் செய்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இறக்காமல், ஆண்டுக்கு நாலு தடவை வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்து, எடை கூடாமல், உயரம் ஏறாமல், பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேரும் குழந்தையின் கதை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கோழி செத்தால் முதலாளியின் பேரேட்டில் நஷ்டம் விழுகிறது. குழந்தை இளைத்தால் தாயின் முகத்தில் மட்டுமே விழுகிறது. வைத்தியர்கள் குணப்படுத்துகிறார்கள், கிராம சுகாதாரச் செவிலியர் வெயிலில் நடந்து வந்து தடுப்பூசி போடுகிறார், அங்கன்வாடியில் நாமக்கல் முட்டையே வேகவைத்துத் தரப்படுகிறது. இவையெல்லாம் சிகிச்சையும் போஷணையும். ஏன் இந்த வியாதி, ஏன் இந்தக் குழந்தைக்கு, ஏன் இந்த ஊரில் என்று பல்லாண்டுக் காலம் பொறுமையுடன் விசாரிப்பது வேறொரு காரியம். அந்தக் காரியத்துக்கு நம்முடைய தர்ம சிந்தனையில் இன்னும் இடம் ஏற்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

விசாரிக்கத்தக்க விஷயங்கள் இல்லாமலில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலக்கக் கூடாதென்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. மற்ற மருந்துகளுக்குக் கிருமிகள் மசியாதபோது, பச்சிளம் சிசுவின் இரத்தத்தில் பரவிய விஷத்தை முறிக்க டாக்டர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அதுதான். கொட்டகைக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளரும் குழந்தையின் குடலில் அந்த மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் குடியேறியிருக்கின்றனவா, தடைக்குப் பிறகு அவை குறைந்தனவா என்பதை அறியவேண்டுமானால் அந்தக் குழந்தைகளிடமே வந்து பார்க்கவேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணந்துகொள்ளும் வழக்கம் வேரோடியிருக்கும் இந்தச் சீமையில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளைப் பற்றிய கேள்வியும் அப்படிப்பட்டதே. நம் ஊர்க் கேள்விக்கு நம் ஊரில்தான் விடை தேடவேண்டும். வேறெங்கோ கிடைத்த விடையைக் கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. வேலூரின் அனுபவம் அப்படி. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலை, லாப நோக்கமற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த கதையை அறியாதவர் வட தமிழ்நாட்டில் இருக்கமாட்டார்கள். நம் ஊரிலிருந்தும் நாள்பட்ட நோயாளிகளை அங்கே அழைத்துச் செல்கிறோம். ஆனால் அந்த ஸ்தாபனத்தின் ஆய்வுக்கூடங்கள் குழந்தைகள் விஷயத்தில் செய்த காரியம், அங்கே போய்த் திரும்பியவர்களுக்கும் அவ்வளவாகத் தெரியாது. போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் போதுமென்று மேல்நாடுகள் நிர்ணயித்து, அதையே நாமும் வேதவாக்காகக் கொண்டிருந்த காலத்தில், அங்கே வைரஸ் ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை பெற்ற நம் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஏற்படவில்லை என்பதை இரத்தப் பரிசோதனையால் காட்டி, கூடுதல் தவணைகள் தேவையென்று விடாமல் வாதாடினார். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. 2014 மார்ச்சில் இந்தியாவை உள்ளடக்கிய பிரதேசம் போலியோ அற்றதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது. தவணைக்கு மேல் தவணையாக நம் பிள்ளைகளின் வாயில் விழுந்த சொட்டுகளுக்குப் பின்னால் வேலூரின் அந்தச் சந்தேகமும் நின்றது.

அதைவிட நீண்டதொரு கதை ரோட்டா வைரஸைப் பற்றியது. 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், கடும் வயிற்றுப்போக்கால் அவதியுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்த ரூத் பிஷப் அம்மையாரும் சகாக்களும் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். அதே மருத்துவமனை வளாகத்தில் லாபநோக்கின்றி இயங்கும் மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிலையம் இன்றுவரை அந்தப் பணியைத் தொடர்ந்து வருகிறது. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது. மெக்சிகோ நாட்டில் 200 குழந்தைகளைப் பிறந்ததுமுதல் கவனித்த ஆராய்ச்சியாளர்கள், இரண்டு முறை இந்தக் கிருமி தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடும் நோய் வருவதில்லை என்று 1996-ல் அறிவித்தார்கள். உலகம் திருப்தியடைந்தது.

வேலூரில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி என்று நாம் பஸ்ஸில் கடந்துபோகும் பெயர்களுக்கு அப்பால், நெருக்கடியான சந்துகளும் பீடி சுற்றும் குடும்பங்களும் நிறைந்த பேட்டைகளில், 2002-ல் தொடங்கிப் பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, களப்பணியாளர் வாரத்துக்கு இரண்டு முறை வீடு தேடிச் சென்று நலம் விசாரித்து, நோய் வந்தபோது மட்டுமன்றி, நோயே இல்லாத நாட்களிலும் இரு வாரத்துக்கு ஒருமுறை மலத்தைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, இப்படியே மூன்றாண்டுக் காலம் 373 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். டாக்டர் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் 2011-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கிருமி தொற்றிவிடுகிறது. மூன்று முறை தொற்றிய பிறகும் கடும் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோவின் குழந்தைக்கு இரண்டு தடவையில் கிட்டிய கவசம் வேலூர்க் குழந்தைக்கு மூன்று தடவையிலும் முழுமையாகக் கிட்டவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பெறுவதற்காக எத்தனை படிகள் ஏறி இறங்கினார்கள், எத்தனை தாய்மார்கள் சலித்துக்கொள்ளாமல் கதவைத் திறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், விஞ்ஞானம் என்பது கண்ணாடிக் குழாய்களைக் காட்டிலும் மனிதர்களின் சகிப்புத்தன்மையால் ஆனதென்றே தோன்றுகிறது.

பிறகு மருந்து வந்தது. டில்லியில் நோய்க்குறி ஏதுமின்றி இருந்த ஒரு பச்சைக் குழந்தையிடமிருந்து 1980-களில் டாக்டர் எம். கே. பான் குழுவினர் பிரித்தெடுத்த கிருமியை ஆதாரமாகக் கொண்டு உள்நாட்டிலேயே தயாரான சொட்டு மருந்து, டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 சிசுக்களிடம் பரிசோதிக்கப்பட்டு, கடும் ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேலாகத் தடுக்கிறதென்று நிரூபணமாயிற்று. 2016-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும், அடுத்த ஆண்டில் தமிழ்நாட்டிலும் ரோட்டா சொட்டு மருந்து நுழைந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் அது கொடுக்கப்படுகிறது. பாதிதானா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் இந்த ஒரு கிருமியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் மாண்டுகொண்டிருந்தனர் என்பது வேலூர் ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. பாதி என்பது அற்பமன்று.

இருந்தாலும், செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் பத்தில் ஒன்பது குழந்தைகளைக் காக்கும்போது இங்கே மட்டும் ஏன் பாதி என்ற கேள்வி அவர்களை விடவில்லை. குடலில் குடியிருக்கும் வேறு கிருமிகள்தாம் இடையூறோ என்று ஐயுற்று, வேலூர் மாவட்டத்துக் குழந்தைகளுக்கு முதலில் அஸித்ரோமைசின் கொடுத்துக் கிருமிகளைக் குறைத்துவிட்டு, இதே குறையுடைய போலியோ சொட்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, மருந்தின் பலன் கூடவில்லை. குடிதண்ணீர்தான் குற்றவாளியோ என்று, ஒரு பேட்டையில் அடைத்த குடிநீர் அருந்திய குழந்தைகளையும் நகராட்சித் தண்ணீர் அருந்திய குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். வயிற்று நோயில் வித்தியாசம் காணவில்லை. எனக்கு இந்தத் தோல்விகளின்மேல்தான் அதிக மதிப்பு. விற்பதற்கு எதுவும் கையில் கிடைக்காத இத்தகைய முடிவுகளை வியாபார ஸ்தாபனம் பணம் கொட்டித் தேடாது, தேடினாலும் பறைசாற்றாது. லாபத்தைக் கருதாத நிலையம் ஒன்றுதான், இது உதவவில்லை என்பதையும் உதவியது என்பதைப் போலவே பதிப்பித்து வைக்கும்.

ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. மதுரை அரவிந்த் ஸ்தாபனத்தைச் சார்ந்த டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லா குழுவினர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிப் பருவம் எய்தாத 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டுக் காலம் வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்ததில், பெற்றவர்களிடையே மரணம் பாதிக்கும் கீழே குறைந்ததென்று 1990-ல் எழுதினார்கள். அதே ஆண்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரளவில் கொடுத்துப் பார்த்த ஹைதராபாத் தேசிய போஷாக்கு நிலையத்தார் வித்தியாசம் காணவில்லை. இதைக் கேட்டதும், இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லையே என்று நம்மவர்கள் நகைப்பார்கள். ஆனால் ஒரு ஆய்வை நம்பி நாடு முழுவதையும் ஒரு திசையில் திருப்பிவிடாமல் காப்பது அந்த இன்னொரு ஆய்வுதான்.

ஆட்சேபணை ஒன்று இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஏழைகளின் குழந்தைகளை வைத்துத்தானே இத்தனை பரிசோதனையும் என்பார்கள். அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் ஜில்லாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய திட்டத்தில், பெற்றோர் கையொப்பமிட வேண்டிய சம்மதப் பத்திரத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டதும், 2010-ல் அத்திட்டம் நிறுத்தப்பட்டதும், 2013-ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்ததும் நினைவில் இருக்கவேண்டியவை. ரோட்டா மருந்திலேயே, பரிசோதனையின்போது வேலூரில் நேர்ந்த, குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும் குடல்செருகல் நோயின் விவரங்களைத் தனியே வெளியிடவேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது. கேட்டவர்களை விஞ்ஞான விரோதிகளென்று சிலர் ஏசினார்கள்; எனக்கு அது உடன்பாடில்லை. தன் குழந்தையைக் கொடுத்த தாய்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. லாபமற்ற ஸ்தாபனமென்று பெயர் பெற்றது, அந்தக் கணக்கை மற்றவர்களைக் காட்டிலும் விரைவாகவும் விவரமாகவும் காட்டக் கடமைப்பட்டது. சம்மதம் என்பது கையொப்பத்தோடு முடிவதுமன்று. வேண்டாமென்று நடுவிலே விலகிக்கொண்ட தாய்க்கும் அதே வைத்தியம், அதே மரியாதை கிடைக்கிறதா என்பதில்தான் அதன் உண்மை விளங்கும்.

இனிப் பணத்தைப் பற்றி. வேலூர்ச் சந்துகளில் நடந்த ஆராய்ச்சிக்கு லண்டனிலிருந்து வெல்கம் அறக்கட்டளையும் அமெரிக்காவிலிருந்து கேட்ஸ் அறக்கட்டளையும் கைகொடுத்தன. அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அன்னியர் பணம் அன்னியருக்குத் தோன்றும் கேள்விகளைத்தான் முதலில் கேட்கும். கொட்டகைப் பக்கத்துக் குழந்தையின் குடலைப் பற்றிய கேள்வி லண்டனில் எவருக்கும் எளிதில் தோன்றாது. லாரித் தொழிலிலும் ரிக் வண்டியிலும் முட்டையிலும் ஜவ்வரிசியிலும் செல்வம் சேர்த்த நம் ஜில்லாக்காரர்கள் கும்பாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் கொடுப்பதில் எந்தச் சீமைக்கும் பின்தங்கியவர்களல்லர். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தருவார்கள், ஆம்புலன்ஸ் வாங்கித் தருவார்கள். களப்பணிப் பெண்ணின் பத்து வருஷச் சம்பளத்துக்கும், மாதிரிகளைக் குளிர்ச்சியாக எடுத்துச் செல்லும் பெட்டிக்கும் கொடுக்கவேண்டுமென்று இதுவரை எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

கேட்டுப் பார்க்கலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் இருக்கிறது. கால்நடைக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு விஷயத்தை விசாரிக்க வேறு நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. எருமப்பட்டி ஒன்றியத்தில் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளைப் பள்ளியில் சேரும்வரை பின்தொடர்வதற்கென்று ஒரு மூலதனத்தை வங்கியில் வைத்து, வட்டியைக்கொண்டு களப்பணியாளர்களை நியமித்து, தர்மகர்த்தாக்களில் இரண்டு பேராவது அந்தக் குழந்தைகளின் தாய்மாராக இருக்கவேண்டுமென்று விதித்து ஒரு அறக்கட்டளை ஏற்படுமானால், அதன் சாசனத்தில் இன்னொரு ஷரத்தையும் சேர்க்கச் சொல்வேன்: ஒவ்வொரு ஆண்டின் முடிவுகளையும், அனுகூலமானாலும் பிரதிகூலமானாலும், ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பும் அதே மாதத்தில் கிராம சபையில் தமிழில் வாசித்துக் காட்டி, ஜனங்கள் கேட்கும் கேள்விகளையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து வைக்கவேண்டும்.