பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் முரட்டு ஸ்பிரிங்கும்

பன்னிரண்டு தந்திக் கிட்டார் வைத்திருப்பவர் கேப்போ கேட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "தந்தி டபுள் சார், ஸ்பிரிங் நல்லா முரட்டா இருக்கறதா பாத்து எடுத்துக்கங்க." வாசிக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் இதையேதான் சொல்லிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் இந்த யோசனையை நம்பி வாங்கியவர்களில் பலர், இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டியதும் சுருதி கலைவதைக் கேட்டு, கிட்டாரே சரியில்லை என்று முடிவுகட்டி அதை அலமாரி மேல் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கிட்டாருக்கு இது பெரிய அநியாயம். பழி சேர வேண்டியது கேப்போவைத் தேர்ந்தெடுத்த விதத்தின் மேல்தான்.

முதலில் அந்த வாதத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு தந்திகளை ஃப்ரெட்டோடு சேர்த்துப் பிடிக்க ஆறு தந்திகளைப் பிடிப்பதைவிடக் கூடுதல் விசை வேண்டும்தான். ஆறு தந்திக்கென்று செய்த சாதாரண ஸ்பிரிங் கேப்போவை இதில் மாட்டினால் ஒன்றிரண்டு தந்திகள் கரகரக்கும், சில ஊமையாகிவிடும். இதற்காகவே கைசர் நிறுவனம் பன்னிரண்டு தந்திக்கென்று ஸ்பிரிங்கைக் கூட்டித் தனி மாடல் விற்கிறது. அதை வைத்து நன்றாக வாசிப்பவர்களும் உண்டு. நான் மறுப்பது, பலம் இருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்ற எண்ணத்தைத்தான்.

ஏன் கரகரக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கிட்டாரில் தந்திகள் ஆறு ஜோடிகளாக இருக்கின்றன. உச்ச E, B ஜோடிகளில் இரண்டும் ஒரே தடிமன், ஒரே சுருதி. G, D, A, தாழ்ந்த E ஆகிய நான்கு ஜோடிகளில் ஒன்று வழக்கமான தடித்த தந்தி. பக்கத்திலேயே அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி. பரவலாகக் கிடைக்கும் லைட் செட் ஒன்றின் அளவுகளைப் பாருங்கள்: தாழ்ந்த E ஜோடி 0.047, 0.027 இன்ச், A ஜோடி 0.039, 0.018, D ஜோடி 0.030, 0.012, G ஜோடி 0.023, 0.008. மில்லிமீட்டரில் சொன்னால், G ஜோடியில் ஒன்று ஏறக்குறைய 0.58, மற்றது 0.2.

ஃப்ரெட்டின் மேல் உட்காரும்போது எல்லாத் தந்திகளின் அடிப்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும். மேல்பக்கம் அப்படி இருக்காது. வழக்கமான வரிசையில் மெல்லிய தந்தி, ஜோடியின் தாழ்சுருதிப் பக்கமாக வரும். அதாவது அந்த 0.2 மில்லிமீட்டர் G தந்தி, ஒரு பக்கம் தடித்த D, மறுபக்கம் தடித்த G என இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. மெல்லிய D தந்தியின் கதையும் அதுதான். அதன் ஒரு பக்கத்தில் தடித்த A. கேப்போவின் ரப்பர் மேலிருந்து இறங்கும்போது முதலில் தடித்த தந்திகளைத்தான் தொடுகிறது. ரப்பர் கெட்டியாக இருந்தால் அவற்றின் மேல் பாலம் போல் நின்றுவிடும். கீழே மெல்லிய தந்தி பிடிமானம் இல்லாமல் கிடக்கும். கரகரப்பு வருவது இங்கிருந்துதான்.

முரட்டு ஸ்பிரிங் இதைத் தீர்க்கும் முறை ஒன்றே ஒன்று. தடித்த தந்திகள் ரப்பருக்குள் புதையும்வரை அழுத்திக்கொண்டே போவது. கரகரப்பு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் தடித்த தந்திகள் ஃப்ரெட்டில் படிந்து அடங்கிய பிறகும், ஃப்ரெட்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கீழே வளைக்கப்படுகின்றன. வளைந்தால் நீளும், நீண்டால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். கையால் தேவைக்கு மேல் அழுத்தி கார்டு பிடிக்கும் புதியவரின் கிட்டார் ஷார்ப்பாக ஒலிப்பது இதே காரணத்தால்தான்.

"கொஞ்சம் ஷார்ப் ஆனால் என்ன, ஆறு தந்தியிலும்தான் ஆகிறது" என்பது அடுத்த வாதம். ஆறு தந்தியில் அது பெரும்பாலும் மன்னிக்கப்படும். பக்கத்தில் ஒப்பிட அதே சுரம் இல்லை. இங்கே ஒவ்வொரு தந்தியின் பக்கத்திலும் அதன் சுருதியைக் காட்டிக்கொடுக்கும் துணை ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் A ஜோடி B ஆகிறது. தடித்தது ஏறக்குறைய 123.5 ஹெர்ட்ஸ், மெல்லியது 247. இரண்டுக்கும் நடுவே 10 சென்ட் விலகல் வந்தால், அதாவது அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்கு, நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை ஒலி பொங்கி அடங்கும். தேர்ந்த காது வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும். இன்னொன்றும் உண்டு. ஒரே அளவு நீட்டினாலும் எல்லாத் தந்தியின் சுருதியும் ஒரே அளவு ஏறாது. ஏற்கெனவே முறியும் எல்லைக்கு அருகே இறுக்கப்பட்டிருக்கும் 0.008 தந்தி சிறிது நீட்சிக்கு அவ்வளவாக அசையாது. தளர்வாக நிற்கும் 0.018 தந்தியோ சட்டென்று ஏறிவிடும். ஆகவே அதிக அழுத்தம் கிட்டாரை மொத்தமாக ஷார்ப் ஆக்குவதோடு நிற்பதில்லை, ஜோடிகளையும் பிரித்துவிடுகிறது. பன்னிரண்டு தந்தியின் அழகே அந்த ஜோடிகளில்தான் இருக்கிறது.

எனவே கேப்போவில் தேட வேண்டியது மூன்று: தடித்த தந்தி புதைந்து மெல்லியதையும் தொடும் அளவுக்கு இளகிய, ஓரளவு தடித்த ரப்பர், ஃப்ரெட்போர்டின் வளைவோடு பொருந்தும் பட்டை, அழுத்தத்தை நாமே கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ரிக் ஷப், டேவ் கூன்ட்ஸ் இருவரும் உருவாக்கி 1980-இல் விற்பனைக்கு வந்த ஷப் கேப்போவில் இந்தத் திருகு இருக்கிறது. பன்னிரண்டு தந்திக்கு C3 என்று தனி மாடலும் உண்டு. டடாரியோவின் திருகு வைத்த கேப்போக்களும் இதே வழியில் வேலை செய்பவை.

திருகு என்ன செய்யும் என்பதை ஒரு தரம் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டை ஒட்டி, நேராக மாட்டுங்கள். ஜோடியாக மீட்டாமல் G ஜோடியின் மெல்லிய தந்தியை மட்டும் நகநுனியால் தொட்டு மீட்டுங்கள். சுத்தமாக ஒலித்தால் கேப்போவைத் திறந்து திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி மீட்டுங்கள். இப்படியே போனால் ஏதோ ஓர் இடத்தில் அந்தத் தந்தி மணியோசை போய்ச் 'ச்சிர்' என்று சிணுங்கும். அங்கிருந்து கால் சுற்று இறுக்கினால் அதுதான் அந்த ஃப்ரெட்டுக்கு உரிய அழுத்தம். அதற்கு மேல் இறுக்குவதெல்லாம் சுருதியைக் கெடுக்க மட்டுமே. ஸ்பிரிங் கேப்போவில் இந்தத் தேடலுக்கே இடமில்லை. அதன் அழுத்தத்தைத் தொழிற்சாலையும் உங்கள் நெக்கின் தடிமனும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. நெக் மேலே போகப் போகத் தடிக்கும், ஸ்பிரிங் இன்னும் விரியும், பிடியும் இன்னும் இறுகும்.

"பாக்கெட்டில் 12 என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?" போதாது. அந்த எண் தந்திகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. ஃப்ரெட்போர்டின் வளைவு கிட்டாருக்குக் கிட்டார் மாறும். மார்ட்டினில் 16 இன்ச் ஆரம், டெய்லரில் 15, ரிக்கன்பேக்கரில் 10. எண் குறையக் குறைய வளைவு கூடும். மார்ட்டினுக்குப் பொருந்தும் தட்டையான பட்டையை ரிக்கன்பேக்கரில் வைத்தால் நடு ஜோடிகள் நசுங்கும், ஓர ஜோடிகள் தவிக்கும். கடையிலேயே பட்டையை ஃப்ரெட்டின் மேல் குறுக்காக வைத்து, பின்னால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். எந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிடவும் நம்பகமான சோதனை இது. ஜி7த் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் 3 போன்ற சில கேப்போக்களில் பட்டையே வளைவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். விலை கூடுதல்தான். வெவ்வேறு வளைவுள்ள இரண்டு மூன்று கிட்டார் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு வீணாகாது.

"வீட்டில் ஆறு தந்திக் கேப்போ இருக்கிறது, அதுவே எட்டும்" என்பவர்களுக்கு நீளத்தை மட்டும் அளந்து பார்க்கச் சொல்வேன். பன்னிரண்டு தந்தி நெக் நட்டிலேயே பெரும்பாலும் 46 முதல் 48 மில்லிமீட்டர் அகலம். ஏழாவது ஃப்ரெட்டில் 50-ஐத் தாண்டிவிடும். இரண்டாவது ஃப்ரெட்டில் எட்டுகிற பட்டை அங்கே எட்டாமல் போகலாம். ஏழாவது ஃப்ரெட்டுக்கு யார் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வில் (1976) எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கத்துக்கு, டான் ஃபெல்டர் மேடையில் தன் இரட்டை நெக் கிப்சனின் பன்னிரண்டு தந்தி நெக்கில் கேப்போ மாட்டுவது ஏழாவது ஃப்ரெட்டில்தான். கை வைப்பது E மைனர் வடிவம், ஒலிப்பது B மைனர்.

"கேப்போ போட்ட பிறகு சுருதி சேர்த்துக்கொண்டால் ஆயிற்று" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. சேர்க்கத்தான் வேண்டும், எந்தக் கேப்போ ஆனாலும். அழுத்தும்போது தந்தி நட்டின் பள்ளத்தில் சிறிது நழுவுகிறது. எடுக்கும்போது உராய்வால் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் இது குறையும். ஆனால் இரண்டு மூன்று தந்தியைத் தொட்டுச் சரிசெய்வது வேறு, ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு முறுக்காணியையும் திருகுவது வேறு. தன் நாதத்துக்காக வாசிக்கப்படுகிற இந்தக் கிட்டாரை நாள் முழுக்கச் சுருதி சேர்க்கும் கருவியாக்கிவிடக் கூடாது.

வேகத்தைப் பற்றிய வாதம் மட்டும் எனக்குப் பொருட்படுத்தத் தக்கதாகத் தெரிகிறது. மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கையால் ஸ்பிரிங் கேப்போவைப் பிடுங்கி நகர்த்தலாம். தேவாலயப் பாடல் குழுவில் வாசிப்பவர்களுக்கு அந்த வசதி பெரிது. ஆனால் பன்னிரண்டு தந்தியில் கேப்போ அவ்வளவு அலைவதில்லை. ஆறு தந்தியைவிட மிக அதிகமான இழுவிசையைத் தாங்கும் நெக்கையும் பிரிட்ஜையும் காப்பாற்ற, பலர் மொத்தக் கிட்டாரையும் ஒரு முழுச் சுரம் இறக்கி D-யில் வைத்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வழக்கமான சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல பழக்கம் அது. கேப்போ கச்சேரி முழுக்க அதே ஃப்ரெட்டில் குடியிருக்கும் கிட்டாரில், ஒரு கணத்தில் கழற்றும் வசதிக்காக மூன்று மணி நேரச் சுருதியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரப்பரைப் பற்றி ஒன்று பாக்கி. மாதக்கணக்கில் ஒரே கிட்டாரில் கிடந்த கேப்போவைத் திருப்பிப் பாருங்கள். தந்திகளின் தடம் கோடுகோடாகப் பதிந்திருக்கும். ஆறு தந்தியில் தேய்ந்த ரப்பரில் ஆறு பள்ளம். அதைப் பன்னிரண்டு தந்தியில் மாட்டினால் பள்ளத்துக்கு நேரே வரும் மெல்லிய தந்தியை எந்த ஸ்பிரிங்காலும் பிடிக்க முடியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் ரப்பர் இன்னும் சீக்கிரம் இறுகிப்போகும். ஷப் போன்ற சில கேப்போக்களில் ரப்பரை மட்டும் கழற்றி மாற்றலாம். கேப்போ விலையைக் கேட்கும்போதே மாற்று ரப்பரும் கடையில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒன்று கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.